ஒரு நாள், நாலு மலைப்பாதை: பாறை பார்க்க எந்தப் பக்கம் போகலாம்?

சென்னையில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, காலாண்டு லீவுக்கு ஊருக்கு வர்றோம். பையன் ஸ்கூல்ல பாறை பத்திப் படிச்சுட்டு வந்து, நிஜமா ஒரு பெரிய பாறையைக் கிட்டப் போய்ப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். ஒரு நாள்தான் இருக்கு. கொடைக்கானலா, ஊட்டிப் பக்கமா, நீங்களே சொல்லிடுங்க" என்றான். எங்கள் வீடு உடுமலையில். பழனி மலையும் நீலகிரியும் காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பிவிடுகிற தூரம்தான், அதனாலேயே எந்தப் பக்கம் போவது என்பது எங்கள் வீட்டில் எப்போதும் இழுபறி. அவன், அவன் மனைவி, ஆறாவது படிக்கும் பையன், ஒன்றாவது படிக்கும் பாப்பா, கூடவே 68 வயதில் இரண்டு முட்டியும் வலிக்கும் என் அக்கா. இத்தனை பேருக்கும் ஒத்துவருகிற பாதை எது என்று யோசித்து அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல பேர் இருப்பீர்கள்.

நான் ஒப்பிடுவது நாலு பாதைகளை. கொடைக்கானலின் 12 மைல் சுற்று, குன்னூரிலிருந்து லேம்ஸ்ராக் வழியாக டால்பின் நோஸ், கோத்தகிரியிலிருந்து கோடநாடு, ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் சாலையில் ஊசிமலை. நாலுமே கார் போகிற பாதை. நாலிலும் பாறைதான் விசேஷம்.

எந்தப் பாதை என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பாறையைப் பார்க்கப் போகிறீர்களா, பாறை மேல் நின்றுகொண்டு பள்ளத்தைப் பார்க்கப் போகிறீர்களா? டூரிஸ்ட் வண்டிக்காரர்களின் பட்டியலில் இரண்டுக்கும் வியூ பாயிண்ட் என்று ஒரே பெயர்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு அனுபவம். கொடைக்கானல் தூண்பாறையில் பாறை உங்களுக்கு எதிரே நிற்கும், தொட முடியாது. லேம்ஸ்ராக்கில் பாறை உங்கள் காலுக்குக் கீழே இருக்கும், அதன் முழு உருவம் உங்கள் கண்ணுக்கே படாது. இந்த வித்தியாசம் தெரியாமல் போய்விட்டு "பாறை எங்கே?" என்று கேட்டுக்கொண்டு திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, கொடைக்கானலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

பாறையைப் பாறைக்காகவே பார்க்கவேண்டும் என்றால் தூண்பாறைக்கு ஈடு இந்த நாலிலும் எதுவும் இல்லை. ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். மூன்று பாறைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஏறக்குறைய 400 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றன. நாம் நிற்கும் கம்பி வேலிக்கும் பாறைக்கும் நடுவே ஒரு பள்ளம். காலை வெயில் அடிக்கும்போது பாறையின் முகத்தில் மேலிருந்து கீழே நீளமாக ஓடும் கறுப்புத் தாரைகள் தெரியும். மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து அந்தத் தடத்திலேயே பாசி பிடித்துக் காய்ந்த கோடுகள் அவை. இடுக்குகளில் புல்லும் செடியும் முளைத்திருக்கும். அந்தச் செடி ஒவ்வொன்றும் உண்மையில் நல்ல பெரிய புதர், தூரத்தால் கொத்தமல்லிக் கட்டு மாதிரித் தெரிகிறது. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் பாறையின் அளவே எனக்கு உறைத்தது.

பாறை ஏன் தூணாக நிற்கிறது என்று பையன் கட்டாயம் கேட்பான் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பழனி மலையிலும் நீலகிரியிலும் பெரும்பாலும் இருப்பது சார்னோக்கைட் என்ற உருமாறிய பாறை, நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிடுகிறோம். சென்னையில் பல்லாவரம், பரங்கிமலையில் இருப்பதும் இதே வகைதான். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு வைத்த கல் இந்த ஜாதி என்பதால் 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அவர் பெயரையே இதற்கு வைத்தார். பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில், பயங்கரச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிய கல் இது. நீலகிரியில் இருப்பதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. மேலே மூடியிருந்ததெல்லாம் கரைந்து போய் இந்தக் கல் வெளியே வரும்போது, சுமை இறங்கிய உடம்பு மாதிரி விரிந்து கொடுத்து விரிசல் விடுகிறது. செங்குத்தான விரிசல்களுக்குள் மழைத்தண்ணீர் இறங்கும், வேர் இறங்கும், ஓரம் உளுத்து மண்ணாகும், அந்த மண் மழையில் அடித்துக்கொண்டு போகும். விரிசல் சந்தாகும், சந்து பள்ளமாகும். விரிசல் விழாத கெட்டியான நடுப்பகுதி மட்டும் தூணாக மிஞ்சும். ஆக, தூண் முளைத்து மேலே வரவில்லை, சுற்றியிருந்ததுதான் கழன்று போய்விட்டது. இதைத் தூண்பாறைக்கு எதிரே நின்று சொன்னால் குழந்தைகளுக்கு உடனே பிடிபடும், படம் வரைந்து காட்டவேண்டியதே இல்லை.

அந்தச் சந்தின் இன்னொரு முகம்தான் பக்கத்தில் இருக்கும் குணா குகை. 1821-ல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி பதிவு செய்த இடம். டெவில்ஸ் கிச்சன் என்று அவர்கள் வைத்த பேர், 1991-ல் வந்த படத்துக்குப் பிறகு மாறிப்போனது. பேர்தான் குகை, உண்மையில் பெரிய பெரிய பாறைகளுக்கு நடுவே உள்ள ஆழமான இடுக்குகள். 2006-ல் கேரளத்திலிருந்து வந்த ஒரு இளைஞர் அந்த இடுக்கில் விழுந்து, கூட வந்த நண்பரே உள்ளே இறங்கி அவரை மீட்ட சம்பவம் எல்லோருக்கும் தெரியும். பல உயிர்கள் போன இடம் அது. இப்போது கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள், வெளியே நின்றுதான் பார்க்கமுடியும். தயவுசெய்து அந்தக் கம்பியைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள், பிள்ளைகளையும் வேலி மேல் உட்காரவைத்துப் போட்டோ எடுக்காதீர்கள். போகிற வழியில் சோலை மரங்களின் வேர்கள் தரைக்கு மேலே பின்னிக் கிடக்கும், கால் வைக்கும் ஒவ்வொரு இடத்தையும் பார்த்துத்தான் நடக்கவேண்டும். அக்காவுக்கு அது கஷ்டம்.

12 மைல் சுற்றில் இவை போக மோயர் பாயிண்டும் பைன் மரக்காடும் வரும். பைன் காட்டில் பசங்கள் ஓடி விளையாடலாம், பாறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேரிஜம் ஏரிக்குப் போகவேண்டுமென்றால் வனத்துறை அனுமதி தனியாக வாங்கவேண்டும். ஒரு நாள் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

கொடைக்கானலின் பிரச்சினை மூடுபனியும் கூட்டமும். மூன்று வருடத்துக்கு முன் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பழனி வழியாகத்தான் ஏறினோம், வடகவுஞ்சியில் டீ குடித்துவிட்டு, பெருமாள்மலையில் வத்தலக்குண்டு ரோட்டோடு சேரும்போதே மணி பத்தரை. அங்கிருந்தே வண்டிகள் நகரவில்லை. வாடகைக்கு வந்த டிரைவர் "எல்லா ஸ்பாட்டும் காட்டிடறேன்" என்று சொல்லி ஏரி, கடை, பூங்கா என்று முதலில் சுற்றவைத்தார். தூண்பாறைக்குப் போய்ச் சேர்ந்தது மதியம் ஒன்றரைக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. அரை மணி நேரம் நின்றோம். ஒரே ஒரு தடவை பனி விலகி நடுத்தூணின் இடுப்பு மட்டும் தெரிந்தது, கூட்டம் முழுவதும் ஓவென்று கத்தியது, செல்போனை எடுப்பதற்குள் மூடிவிட்டது. அம்மா அதற்கப்புறம் கொடைக்கானல் வரவே இல்லை. அவருக்குத் தூண்பாறை என்றால் அந்த ஒரு கணம்தான். ஏரியும் கடையும் எந்த நேரத்திலும் அங்கேயேதான் இருக்கும், தூண்பாறை காலையில்தான் இருக்கும் என்பதை நான் டிரைவரிடம் அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லியிருக்கவேண்டும்.

அதனால் தூண்பாறைக்கு என் கணக்கு இதுதான்: முதல் நாளே மேலே போய்த் தங்கி, காலையில் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்ததும் உள்ளே போகிற ஆளாக இருக்கவேண்டும். உடுமலையிலிருந்து பழனி 35 கிலோமீட்டர், பழனியிலிருந்து மலைப்பாதை 64 கிலோமீட்டர், அதற்குமேல் 12 மைல் சுற்று. விடியற்காலையில் கிளம்பினாலும் ஒரே நாளில் போய்வருவது பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் தண்டனைதான்.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டால்பின் நோஸ் என்ற பேரில் இரண்டு இடம் உண்டு. கொடைக்கானல் வட்டக்கானலில் இருப்பது பள்ளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான பாறை, அதற்கு வண்டி போகாது, வேரும் கல்லுமான செங்குத்துப் பாதையில் இறங்கி, திரும்ப அதே வழியில் மூச்சு வாங்க ஏறவேண்டும். குன்னூரில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட வாசல் வரைக்கும் கார் போகும். ஒருவர் ஒன்றைச் சொல்ல இன்னொருவர் மற்றதைப் புரிந்துகொண்டு முட்டிவலியோடு வட்டக்கானலில் இறங்கிய கதைகள் எங்கள் உறவிலேயே உண்டு.

இனி குன்னூர். சிம்ஸ் பார்க்கைத் தாண்டி எஸ்டேட் ரோட்டில் வண்டி நுழைந்ததும் இரண்டு பக்கமும் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். ஃபேக்டரி ஓடுகிற நாளாக இருந்தால் இலை வதங்குகிற அந்தப் பச்சை வாசனை கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும். ரோடு குறுகல், எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போகவேண்டும். சுமார் 8 கிலோமீட்டரில் லேம்ஸ்ராக், இன்னும் கொஞ்சம் போனால் வைஸ்ராய் கேனிங்கின் மனைவி பேரில் லேடி கேனிங் சீட், கடைசியில், குன்னூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில், டால்பின் நோஸ்.

டால்பின் நோஸில் பாறையின் நுனியில் நின்று எதிரே கேத்தரின் அருவியைப் பார்ப்பதுதான் காட்சி. 250 அடி உயரத்திலிருந்து விழும் அருவி, அந்தத் தூரத்தில் தொங்கவிட்ட நூல் மாதிரி இருக்கும், சத்தம் கேட்காது. நல்ல இடம்தான், ஆனால் அங்கே நீங்கள் பார்ப்பது அருவியையும் பள்ளத்தாக்கையும். பாறை வெறும் நிற்கிற மேடை.

எனக்கு லேம்ஸ்ராக் அதைவிடப் பிடிக்கும். காரை நிறுத்திவிட்டு மரங்களுக்கு நடுவே ஏறுகிற நடைபாதை, அவசரமில்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். முனையில் பல நூறு அடிக்குச் சரேலென்று இறங்கும் பாறைச் சரிவு, அதற்கும் கீழே மேட்டுப்பாளையம் சமவெளி வெயிலில் மங்கலாகக் கிடக்கும். நான் சொல்ல வந்தது அந்தப் பள்ளத்தைப் பற்றி இல்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கமே, பாதுகாப்பான இடத்திலேயே, அந்தப் பாறையின் தோலைத் தொட்டுப் பார்க்கலாம். உள்ளங்கையை வைத்தால் காலையில் சில்லென்று இருக்கும், மணல்தாள் மாதிரி சொரசொரக்கும். மேலே சாம்பலும் வெளிர்ப்பச்சையுமாகக் கல்பாசி வட்டவட்டமாகப் படர்ந்திருக்கும், சாம்பாருக்கும் பிரியாணிக்கும் மசாலாவில் போடுகிற கல்பாசியின் சொந்தக்காரர்கள்தான் இவையும். அதைச் சுரண்டிவிடாதீர்கள், ஒரு வட்டம் பெரிதாக வருஷக்கணக்கில் ஆகும். வெளியே துருப்பிடித்த மாதிரிப் பழுப்பாகத் தெரியும் இந்தக் கல் உள்ளே என்ன நிறம் என்று காட்டவேண்டுமானால், வரும் வழியில் ரோட்டுக்காகப் பாறையை வெட்டிய இடங்களைக் காட்டுங்கள். புதிதாக வெட்டிய முகம் கறுப்பும் பச்சையும் கலந்து, எண்ணெய் தடவித் துடைத்த அம்மிக்கல் மாதிரி மினுக்கும். ஒரே கல்தான், 250 கோடி வருஷத்துக் கல்லின் மேல்தோலை மழையும் வெயிலும் அப்படி மாற்றிவிடுகின்றன. கிட்டப் போய்ப் பாறை பார்க்கவேண்டும் என்று கேட்ட பையனுக்கு இது முக்கியம், தூண்பாறையில் இது கிடைக்காது.

மூடுபனி வந்தாலும் லேம்ஸ்ராக் முழுசாகக் கைவிட்டுப் போகாது என்பது இன்னொரு வசதி. பள்ளம்தான் மறையும், கையில் படுகிற பாறை அங்கேயே இருக்கும். குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டப் பொட்டலம் இருந்தால் மட்டும் உஷாராக இருங்கள்.

மூன்றாவது கோடநாடு. கோத்தகிரியிலிருந்து கிழக்கே சுமார் 18 கிலோமீட்டர், பாதி தூரத்துக்குமேல் தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே போகிற ரோடு. அதன் கடைசி நுனியில் மலை முடிந்துவிடுகிறது. கீழே மோயாறு வெட்டிய பள்ளத்தாக்கு, அதில் தெங்குமரஹாடா கிராமத்தின் வயல்கள், தள்ளி பவானிசாகர் அணையின் தண்ணீர், எதிரே கர்நாடக மேட்டுநிலம். இவ்வளவையும் காரிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலே பார்த்துவிடலாம், முட்டிவலிக்காரர்களுக்கு நாலு இடத்திலும் இதுதான் சுலபம்.

இங்கே பாறை எங்கே என்றால், அதுதான் ரங்கசாமி தூண். பக்கத்தில் 1,785 மீட்டர் உயரத்தில் கூம்பாக நிற்பது ரங்கசாமி மலை, அதன் வடமேற்கே தனியாக எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறைத்தூணும் சுமார் 400 அடி. தூண்பாறையின் அதே உயரம், ஆனால் நூறில் ஒரு பங்கு ஆட்கள்கூட இதைப் பற்றிப் பேசுவதில்லை. காரணம் தூரம்தான். கொடைக்கானலில் பாறை முகத்துக்கு நேரே நின்று பயமுறுத்தும். இங்கே பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அருகில் இருப்பவர்களைக் கேட்டு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு கண்ணைச் சுருக்கித் தேடவேண்டும். தேடிக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் கண் அதை விடாது. சுற்றிலும் காடும் சரிவும் வளைந்து வளைந்து இறங்கும்போது அது ஒன்று மட்டும் நேராக நிற்கிறது.

அந்த மலை இருளர்களுக்குச் சாமி. காரமடையில் குடியிருந்த ரங்கநாதர், அம்மனோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாக இங்கே வந்து தங்கிவிட்டார் என்று ஒரு கதை உண்டு, அவர் வந்ததற்கு அடையாளமாக அரக்கோடு கிராமத்துக்குப் பக்கத்தில் பாறையில் இரண்டு கால்தடங்களைக் காட்டுவார்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்த மலை வெறும் காட்சி இல்லை என்பது அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போதுதான் புரியும். அக்காவிடம் இதைச் சொன்னேன், பாறையில் அவ்வளவாக ஆர்வம் இல்லாதவர் இப்போது கோடநாடுதான் போகவேண்டும் என்கிறார்.

நாலாவது கூடலூர் பாதை. வண்டி ஓட்டுகிற சுகத்துக்காகவே போவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஊட்டியிலிருந்து ஒன்பதாவது மைலின் புல்வெளி மேடுகள், பைக்காரா தண்ணீர், யூகலிப்டஸ் காடு, நடுவட்டம் தேயிலை என்று ஒரு மணி நேரத்துக்குள் நிலம் நாலு தடவை நிறம் மாறும். நடுவட்டம் தாண்டி இறங்கும்போது ஊசிமலை காட்சிமுனை வரும், கூம்பாகக் கூர்த்து நிற்கும் பாறையால் வந்த பேர். ரோட்டோரத்திலிருந்து உள்ளே கொஞ்சம் நடந்தால் மலை முதுகின் மேல் நிற்போம், மூன்று பக்கமும் திறந்திருக்கும், கீழே கூடலூர், தள்ளி முதுமலைக் காடு. காற்று பிய்த்துக்கொண்டு போகும், பாப்பாவைக் கையில் பிடித்துக்கொள்ளவேண்டும். அதே சரிவில் தவளைமலை காட்சிமுனையும் உண்டு, உட்கார்ந்த தவளை மாதிரி மலை தெரியும். ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டால் சின்னப் பிள்ளைகள் அப்புறம் ஒவ்வொரு மலையிலும் ஒரு மிருகத்தைக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆனால் உடுமலையிலிருந்து ஊட்டி ஏறி, அதற்குமேல் நாற்பது கிலோமீட்டர் போய்த் திரும்புவது ஒரு நாளில் நடக்காத காரியம். ஊட்டியில் தங்குகிறவர்களுக்கும், மைசூரோ வயநாடோ போகிற வழியில் இருப்பவர்களுக்கும்தான் இது. அவர்கள் ஊசிமலையில் இறங்காமல் போனால் பெரிய நஷ்டம்.

மாதத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம் பக்கம் வெளுத்து வாங்கும், ஊசிமலையில் அப்போது ஒன்றும் தெரியாது. அதே சமயம் கோத்தகிரி, கோடநாடு பக்கம் அவ்வளவு மழை வராது, நடுவே இருக்கும் உயரமான மலைகள் தடுத்துவிடும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரைக்கும் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் அடிக்கும், குன்னூர் மலைப்பாதையில் மண் சரிவது பெரும்பாலும் நவம்பரில்தான். பழனி மலைப்பாதையிலும் அப்படித்தான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நாலும் பளிச்சென்று இருக்கும், பாறை பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் காலை தெளிவு, மதியம் பனி, நாள் முழுக்கக் கூட்டம். குறிஞ்சி பூக்கும் வருஷத்துக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசியாக 2018-ல் கொடைக்கானல் பக்கம் பூத்தது, 12 வருஷக் கணக்கில் அடுத்தது 2030.

இ-பாஸ் மறக்காதீர்கள். 2024 மே 7-லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். காசு கிடையாது, ஆன்லைனில் எடுத்துவிடலாம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை சீசனில் எண்ணிக்கையும் வைத்துவிட்டார்கள், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000-மும் 6,000-மும். அந்த மாதங்களில் போகிறவர்கள் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அதே சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கவேண்டும் என்று ஒருவழிப் பாதையும் போடுவார்கள், அப்போது காலையில் கோடநாடு என்ற திட்டம் சரிப்படாது. பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு மலையிலும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது, எவர்சில்வர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும், நீலகிரி ரோட்டில் நடக்கும் பெரிய விபத்துகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

இப்போது யாருக்கு எது என்று என் அபிப்பிராயம். ஒரு ராத்திரி தங்கமுடியும், பாறையை நேருக்கு நேர் பார்த்தே ஆகவேண்டும் என்றால் யோசிக்காமல் கொடைக்கானல், அதுவும் வார நாளில், காலையில் முதல் வேலையாகத் தூண்பாறை. இளவட்டங்கள் பைக்கில் போகிறீர்கள், நாள் கணக்கு இல்லை என்றால் கூடலூர் பாதை. டால்பின் நோஸ் மட்டும் பார்க்கவேண்டும் என்று தனியாக யாரும் போகவேண்டாம், லேம்ஸ்ராக்கோடு சேர்த்துப் பாருங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் சேர்ந்து ஒரே நாளில் போய்வரவேண்டும் என்றால், காலையில் கோடநாடு, மதியத்துக்கு மேல் லேம்ஸ்ராக். இந்த வரிசைதான் முக்கியம். தூரத்துத் தூணைப் பார்க்கக் காலைத் தெளிவு வேண்டும். கையால் தொடுகிற பாறைக்கு அது வேண்டாம், மதியம் பனி இறங்கினாலும் குறையில்லை. கோத்தகிரியிலிருந்து குன்னூர் சுமார் 20 கிலோமீட்டர்தான், பர்லியாறு வழியாக இறங்கி வீட்டுக்கு வந்துவிடலாம்.

மருமகனுக்கு இதைத்தான் சொன்னேன். செப்டம்பர் கடைசி வாரம், வடகிழக்கு மழை ஆரம்பிக்கவில்லை, சீசன் ஒருவழிப் பாதையும் இல்லை, கணக்கு சரியாக வருகிறது. "தூண்பாறை மாதிரி கிட்டத் தெரியாதே மாமா, பையன் ஏமாந்துடுவானே?" என்று கேட்டான். பக்கத்து வீட்டில் பைனாகுலர் இரவல் வாங்கி வைத்திருக்கிறேன், காலையில் தூரத்துத் தூணை அவனே தேடிக் கண்டுபிடிக்கட்டும், மதியம் லேம்ஸ்ராக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும் என்றேன். சரி என்று இ-பாஸும் எடுத்துவிட்டான்.

விடிகாலை நாலரைக்குக் கிளம்புகிறோம், கோயம்புத்தூர் வழியாக. அவிநாசி, அன்னூர் வழியாகப் போனால் டிராபிக் குறைவு, ஆனால் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. சாமி கோபித்துக்கொண்டு போன மலையைப் பார்ப்பதற்கு முன்னால், அவர் கிளம்பி வந்த காரமடையில் இறங்கி அம்மனையும் ஒரு தடவை கும்பிட்டுவிட்டுத்தான் மலையேறவேண்டும் என்கிறார். ஏழு மணிக்குள் வண்டியில் ஏறிவிடவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.